ஆக்குவோரும் ஆடுவோரும்

ஒரு பொருளை ஆக்குவோர் ஒருவர். அதனைக் கொண்டு பயன்பெறுவோர் மற்றொருவர். குயவர் வனைந்த பானையில் சோறு சமைப்போர் பிறர். தச்சர் செய்த கட்டிலில் துயில்வோர் பிறர். புலவர் பாடிய பாட்டினை ஓதி மகிழ்வோரும் பிறரே. ஆக்கியவர் கருத்தும் நுகர்பவர் பயனும் ஒன்றுபடும்பொழுதே அப்பொருள் நிறைவெய்துகின்றது. ஒன்றுபடாதபொழுது என்ன நிகழும்? நுகர்வோர் குறை கூறுவர். ஆக்கியோர் அதனைக் கேட்டு வருந்துவர், அல்லது வெகுள்வர், அல்லது திருந்துவர். இம்மூன்றனுள் எது நிகழ்கின்றது என்பதைப் பொறுத்தே அப்பொருளின் வாழ்வும் தாழ்வும் அமைகின்றன.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் என்னும் பழம்பதி உள்ளது. உயர்ந்த மதிலழகால் பெயர்பெற்ற மார்க்கபந்தீசுவரர் கோயில் அங்கு விளங்குகின்றது. வழித்துணைநாதர் என்று இறைவனை மக்கள் அழைப்பர். அக்கோயிலினுள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. பிறைபோன்ற வடிவில் கோடுகள் செதுக்கப்பெற்ற அக்கல்லின் மேலுள்ள பள்ளத்தில் ஒரு சிறு குச்சியை வைத்தால், அதன் நிழல் விழும் கோடு பொழுதைக் காட்டும். கல்லைச் செதுக்கிய சிற்பியின் அறிவு பெரிது. ஆயினும், குச்சியை வைப்பவர் ஒருவர் வாராதவரை அக்கல் வெறுங்கல்லே. ஆக்கியோர் பாதி, ஆள்வோர் பாதி என்னும் உண்மையை அஃது அமைதியாக உணர்த்துகின்றது.

இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும் இடம் ஒன்று நம் காலத்தில் தோன்றியுள்ளது. அதுவே கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் மின்விளையாட்டு. மாணவர்களாகிய உங்களுள் பலர் அதனை ஆடியிருப்பீர்கள். ஆடாதோரும் பிறர் ஆடக் கண்டிருப்பீர்கள். ஆனால், அவ்விளையாட்டை ஆக்குவோர் யாவர், அவர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே உள்ள உறவு எத்தகையது, அவ்வுறவு எப்பொழுது சிறக்கின்றது, எப்பொழுது சிதைகின்றது என்பனவற்றை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவற்றை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

குறை கூறும் சுவைஞர்க்கு அஞ்சுதலும் மதிப்பளித்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. நம் முன்னோர் நூலை இயற்றியவுடன் அதனை உலகிற்கு விடுத்துவிடவில்லை. கற்றோர் அவையில் அரங்கேற்றி, ஆங்கு எழும் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே அது நூலெனப் போற்றப்பெற்றது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு முன்னர் உரைக்கப்பெற்றது என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. பெரும்புலவரும் தம் காப்பியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடினர். நன்னூல் ஆசிரியரோ நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும் வகுத்துக் காட்டினார். இதனால் அறியத்தகுவது யாது? குறை கூறுவதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும் என்பதே. வாய்க்கு வந்தவாறு பழிப்பவரை அவை ஏற்றுக்கொள்ளாது. இன்ன குற்றம் இவ்விடத்தில் உள்ளது என்று சுட்டிக் காட்டுபவரையே அது மதித்தது.

அச்சுப்பொறி வந்த பின்னர் அந்த அவை விரிந்தது. கற்றோர் சிலர் இருந்த இடத்தில் இதழ் படிப்போர் பல்லாயிரவர் வந்து அமர்ந்தனர். கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்ந்து வெளிவந்தது. வாரந்தோறும் காத்திருந்து படித்தோர், கதைமாந்தரைத் தம் வீட்டாராகவே கருதினர். கதை முடிந்தபொழுது, அது திடீரென்று முடிந்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டனர். இன்னார் பின்னர் என்ன ஆயினர், இன்னாருக்கு என்ன நேர்ந்தது என்றெல்லாம் வினவினர். கல்கி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முடிவுரை ஒன்றினை எழுதி, அவ்வினாக்களுக்கு விடை கூறினார். ஆனால், கதையின் முடிவை அவர் மாற்றவும் இல்லை. கேட்பவர்க்கு விடையளித்தல் வேறு. கேட்டவாறெல்லாம் தம் படைப்பை வளைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை நீங்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்; பின்னர் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சியைக் காண்போம்.

இனி மின்விளையாட்டின் இயல்பை நோக்குவோம். நூலுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அச்சிட்டு விற்ற நூலில் உள்ள பிழையை ஆசிரியர் மறுபதிப்பிலேயே திருத்த இயலும். பழைய மின்விளையாட்டுகளும் அவ்வாறே இருந்தன. அவை சிறு பெட்டிகளில் பதிக்கப்பெற்று விற்கப்பட்டன. விற்றபின் திருத்த வழியில்லை. இணையம் பரவிய பின்னர் நிலைமை மாறிற்று. வீட்டிலுள்ள கருவிக்கே திருத்தங்களை அனுப்பும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆகவே, இன்றைய மின்விளையாட்டு விற்கப்பட்ட பின்னரும் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. இதனால் விளைந்த நன்மை, பிழையைத் திருத்தலாம் என்பது. விளைந்த தீமை, ‘பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்’ என்று அரைகுறையாகவே விற்கத் துணிவது.

ஒரு பெரிய விளையாட்டை ஆக்குவோர் நூற்றுக்கணக்கினர். கட்டளை நிரல் எழுதுவோர், ஓவியம் தீட்டுவோர், இசையமைப்போர், கதை புனைவோர், பிழை தேடுவோர் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைப்பர். அங்ஙனம் உழைத்தும் பிழைகள் எஞ்சுவது ஏன்? பிழை தேடுவோர் நூறு பேர் ஓராண்டு முழுவதும் ஆடினும், விற்பனைக்கு வந்த முதல் நாளில் பத்து இலட்சம் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆடுவதற்கு அஃது ஈடாகாது. அவர்கள் எவரும் எண்ணாத வழியில் செல்வர். எவரும் தட்டாத கதவைத் தட்டுவர். ஆதலின், ஆடுவோரே மிகப் பெரிய ஆய்வாளர் ஆகின்றனர். ஆக்கியோர் அறியாதவற்றையும் அவர்கள் அறிந்துவிடுகின்றனர்.

சில வேளைகளில் ஆடுவோரே ஆக்குவோராகவும் மாறுவர். அமெரிக்காவிலுள்ள வால்வ் என்னும் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் ‘ஹாப் லைப்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை விரும்பி ஆடிய இளைஞர் இருவர் அதன் உறுப்புகளைக் கொண்டே 1999 இல் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ என்னும் புதிய ஆட்டத்தை அமைத்தனர். நிறுவனத்தார் அவர்களைப் பகைக்கவில்லை. தம் பொருளை எடுத்துக்கொண்டனர் என்று வழக்குத் தொடுக்கவும் இல்லை. அவ்வாட்டத்தின் உரிமையை விலைக்கு வாங்கி, அவ்விளைஞரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு, 2000 ஆம் ஆண்டில் தாமே வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் பெரும் போட்டிகள் நடைபெறும் ஆட்டமாக அது தொடர்ந்து வருகின்றது. சுவைஞரை மதித்ததனால் விளைந்த பயன் இது.

ஆயினும், உறவு எப்பொழுதும் இங்ஙனம் இனிதாக அமைவதில்லை. சப்பான் நாட்டின் சுகொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் ‘பைனல் பேண்டசி 14’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பலர் ஒரே உலகில் இணைந்து ஆடுதற்குரியது அது. அதற்குத் திங்கள்தோறும் கட்டணம் உண்டு. பெரும் புகழுடைய வரிசையில் வந்த அது, ஆடுவோரை ஏமாற்றியது. இயக்கம் மந்தமாக இருந்தது. ஒரே வகை நிலக்காட்சி மீண்டும் மீண்டும் வந்தது. எளிய செயலும் பல படிகளைக் கடந்தே முடிந்தது. நெடுநாள் அன்பர்களே கடுமையாகக் கண்டித்தனர். அந்நிறுவனம் அவ்வாண்டின் இறுதியிலேயே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கட்டணம் பெறுவதை நிறுத்தி வைத்தது. நவோகி யோசிடா என்பவரைப் புதிய பொறுப்பாளராக அமர்த்தியது.

யோசிடா செய்தவை இரண்டு. ஆடுவோர்க்கு அடிக்கடி மடல் எழுதி, எது நடைபெறுகின்றது, எது நடைபெறவில்லை, ஏன் நடைபெறவில்லை என்பனவற்றை மறையாது கூறினார். அதே வேளையில், ஒட்டுப்போடுவதால் பயனில்லை என்று துணிந்து, விளையாட்டை அடியோடு புதிதாகக் கட்டத் தொடங்கினார். 2012 நவம்பரில் பழைய உலகம் மூடப்பெற்றது. அம்மூடலையும் கதையாகவே அமைத்தனர். வானிலிருந்து ஒரு நிலவு விழுந்து அவ்வுலகை அழிப்பதாகக் காட்டினர். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறக்கப்பெற்றது. பழித்தோரே திரும்பி வந்தனர். அவர்கள் திரும்பியதற்குக் காரணம் விளையாட்டின் சிறப்பு மட்டும் அன்று. தாம் கூறிய குறை செவியில் ஏறிற்று என்னும் நிறைவும் ஒரு காரணமாகும்.

இங்கிலாந்தின் கில்போர்டு நகரில் ‘ஹலோ கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் உள்ளது. அதன் தலைவர் சான் மரே. பதினைந்து பேர் அளவிலான குழுவினர் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விளையாட்டை ஆக்கினர். பதினெட்டு என்னும் எண்ணின் பக்கத்தில் பதினெட்டுச் சுழிகள் இட்டால் எத்துணைப் பெரிய தொகை வருமோ, அத்துணைக் கோள்கள் அவ்விளையாட்டில் உண்டு என்று கூறப்பட்டது. கணித விதிகளின்படி கணினியே அக்கோள்களைத் தோற்றுவிக்கும். கேட்டோர் வியந்தனர், எதிர்பார்ப்பு மலைபோல் உயர்ந்தது. தலைவரும் நேர்காணல்களில் இன்னின்ன இருக்கும் என்று ஆர்வத்தால் பலவாறு உரைத்தார்.

2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. சொன்னவற்றுட் பல அதில் இல்லை. ஒருவரையொருவர் காணலாம் என்று நம்பிய இருவர் ஒரே இடத்தில் நின்றும் காண இயலவில்லை. வாங்கியோர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். நிறுவனமோ பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் சினத்தை வளர்த்தது. விளம்பரம் பொய்யானது என்று இங்கிலாந்தின் விளம்பர நெறிமுறை ஆணையத்திடம் முறையீடு சென்றது. விளம்பரம் நெறி தவறவில்லை என்று அவ்வாணையம் அவ்வாண்டு நவம்பரில் முடிவு கூறியது. எனினும், ஆணையத்தின் முடிவு வேறு, அன்பர் மனத்தின் முடிவு வேறு அன்றோ?

அந்நிறுவனத்தார் வாதிடாமல் உழைத்தனர். அதே நவம்பரில் முதற் பெருந்திருத்தத்தை விலையின்றி அளித்தனர். 2018 சூலையில், பலர் கூடி ஆடும் வசதி முழுமையாக வந்தது. பின்னரும் ஆண்டுதோறும் புதியன சேர்த்தனர். எதற்கும் தனிக் கட்டணம் கேட்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் அன்பர் பலர் பணம் திரட்டி, நிறுவனத்தின் அலுவலகம் அருகே நன்றி கூறும் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை வைத்தனர். எஞ்சிய பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அளித்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் பழிச்சொல் எழுந்த கூட்டத்திலிருந்தே இந்நன்றி எழுந்தது. கடுமையாகக் குறை கூறுபவர் எல்லாரும் பகைவர் அல்லர். அன்பின் மிகுதியால் ஏமாற்றம் தாங்காதவரும் அவருள் உளர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்குக. இரண்டிலும் பிழை நேர்ந்தது. இரண்டிலும் உழைப்பால் அது நீங்கிற்று. முதலாமவர் உடனே பேசினர். இரண்டாமவர் முதலில் பேசாதிருந்தனர். பேசியவர்க்குப் பொறுமை கிடைத்தது. பேசாதவர் வெறுப்பைச் சுமந்துகொண்டே உழைக்க நேர்ந்தது.

பொருட்பிழை ஒருபுறம் இருக்க, அறப்பிழையும் நேர்வது உண்டு. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட் 2’ என்னும் விளையாட்டு வெளிவரும் தறுவாயில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதனை வெளியிட்டது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். முழு விலை கொடுத்து வாங்கிய பின்னரும், சிறந்த வீரர்களைப் பெறுவதற்குப் பல மணி நேரம் ஆட வேண்டியிருந்தது. காசு கொடுத்துப் பரிசுப் பேழைகளைத் திறந்தால் விரைவில் வலிமை பெறலாம். பேழைக்குள் என்ன இருக்கும் என்பதோ திறக்கும்வரை தெரியாது. திறமைக்குரிய இடத்தைப் பணமும் குருட்டு வாய்ப்பும் பற்றிக்கொண்டன என்று ஆடுவோர் ஒருமித்துக் கண்டித்தனர். வெளியீட்டிற்கு முதல் நாள், காசுக்கு வாங்கும் அவ்வசதியை நிறுவனம் நிறுத்தியது. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், வேறு சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பேழைகள் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை என்று அறிவித்தது. நம் நாட்டிலும், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பேழை ஆட்டமும் பணயம் வைக்கும் ஆட்டமும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும், ஆடும் ஆசையைப் பணம் பறிக்கும் வழியாக்குதல் தகாது என்னும் எண்ணம் இரண்டு அறிவிப்புகளுக்கும் பொதுவாகும். சுவைஞர் குரல் எழுப்பாவிடின் இத்தகைய தீமைகள் எளிதில் வெளிப்படா.

இதுகாறும் கூறியவற்றால், ஆடுவோர் கூறுவன எல்லாம் சரியென்றும், ஆக்குவோர் அவற்றிற்கு உடன்பட்டே தீர வேண்டும் என்றும் நீங்கள் கருதிவிடுதல் கூடாது. இதனை நம் ஊர்த் தொழிலைக் கொண்டு விளக்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலாற் பெயர்பெற்றவை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, பதனிட்டு, உலர்த்தி, மெருகேற்றி, வெட்டித் தைத்துக் காலணியாக்குவதற்குள் எத்தனையோ கைகள் அதனைத் தொடுகின்றன. முற்காலத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புகள் வந்தன. இத்தனை நுட்பமும் அறிந்தவர் செய்த காலணி ஒருவர் காலைக் கடிக்கின்றது என்று கொள்வோம். கடிக்கும் இடம் குதிகாலா, விரலா என்பதை அணிந்தவரே அறிவார். அவ்விடத்தில் தொழிலறிந்தவரின் நூலறிவு செல்லாது. ஆனால், அக்கடியை நீக்குவதற்குத் தோலை மெலிதாக்க வேண்டுமா, தையலை மாற்ற வேண்டுமா, அச்சையே மாற்ற வேண்டுமா என்பதைத் தொழிலறிந்தவரே அறிவார். அணிந்தவர் ‘இவ்விடத்தில் வெட்டிவிடு’ என்று கூறினால், வெட்டியபின் காலணியே பிரிந்துபோகலாம்.

மின்விளையாட்டிலும் இதுவே முறை. ‘எனக்கு இவ்விடத்தில் சலிப்பு உண்டாகின்றது, இப்பகைவனை வெல்ல இயலவில்லை, இம்முடிவு மனத்திற்கு ஒவ்வவில்லை’ என்று ஆடுவோர் கூறினால், அது மறுக்க இயலாத சான்று. அவர் உணர்ந்ததைப் பொய் என்று கூற எவராலும் இயலாது. ஆனால், ‘ஆகவே இதனை இவ்வாறு மாற்றுக’ என்று அவர் கூறுவது ஒரு கருத்தே ஆகும். அதனை ஏற்பதும் தள்ளுவதும் ஆக்குவோர் பொறுப்பு. மேலும், ஆடுவோர் அனைவரும் ஒரே குரலில் பேசுவதில்லை. எளிதாக்குக என்பர் ஒரு சாரார். கடினமாக்குக என்பர் மற்றொரு சாரார். உரக்கப் பேசுவோர் சிலர். பேசாமல் ஆடி மகிழ்வோர் பலர். எல்லார் சொல்லையும் கேட்டு நடந்த தந்தையும் மகனும் இறுதியில் கழுதையையே இழந்த கதையை நீங்கள் அறிவீர்கள்.

2012 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் ‘மாஸ் எபெக்ட் 3’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. மூன்று பகுதிகளாக அமைந்த நெடுங்கதையின் இறுதிப் பகுதி அது. ஆடுவோர் தாமே தெரிந்தெடுத்த வழிகளுக்கேற்பக் கதை மாறிச் செல்லும் என்பது அதன் சிறப்பு. ஆனால், இறுதியில் எவ்வழியே வந்தவர்க்கும் ஏறத்தாழ ஒரே முடிவே கிடைத்தது. முடிவை மாற்றுக என்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. கிளர்ச்சி செய்தோர் தம் மனக்குறையைத் தெரிவிக்கும் வழியாக, நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிலையம் ஒன்றிற்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல் திரட்டி அளித்தனர். நிறுவனம் அவ்வாண்டு சூனில் விரிவான முடிவுப் பகுதி ஒன்றினை விலையின்றி வழங்கியது. அதில் கதையின் அடிப்படை முடிவு மாற்றப்படவில்லை. தெளிவில்லாதவை தெளிவாக்கப்பட்டன, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பது கூறப்பட்டது. கல்கி தம் வாசகர்க்கு முடிவுரை எழுதியதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை நீங்களே உணர்வீர்கள். காலமும் கருவியும் வேறாயினும், படைப்போரும் சுவைப்போரும் சந்திக்கும் இடம் ஒன்றாகவே இருக்கின்றது.

இனி, வருந்தத்தக்க ஒன்றையும் கூறாது விடுதல் இயலாது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வெளிவருவதற்கு முன்னர், அதன் வெளியீடு சில வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது. அதற்காக அந்நிறுவனத் தலைவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு விளையாட்டு சற்றுக் காலந்தாழ்ந்து வருவதற்கு ஓர் உயிரை விலையாகக் கேட்பதா? இவ்வாறு மிரட்டியவர் நேரில் நின்றிருந்தால் அச்சொல்லைச் சொல்லியிரார். முகம் தெரியாது என்னும் மறைவே அவர் நாவை அவிழ்த்துவிட்டது. பெயர் மறைந்தாலும் சொல் மறைவதில்லை. அது சென்று தைக்கும் நெஞ்சும் மறைவதில்லை. விளையாட்டை ஆக்குவோரும் வீடும் மக்களும் உடையவர். நள்ளிரவுவரை உழைத்து, விடியலில் அவ்வசையைப் படிப்பவர். வசை மிகுந்தால் அவர்கள் செவியை மூடிக்கொள்வர். அப்பொழுது நல்லதோர் அறிவுரையும் வசையோடு சேர்ந்து வெளியே நின்றுவிடும். ஆகவே, தகாத சொல் பேசுபவர் ஆக்குவோர்க்கு மட்டும் தீங்கு செய்யவில்லை; தம்மைப் போன்ற சுவைஞர்க்கும் தீங்கு செய்கின்றார்.

நம் மொழியோடு தொடர்புடைய ஒரு விளையாட்டையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். கனடாவின் தொராந்தோ நகரிலுள்ள ‘விசை’ என்னும் சிறு குழுவினர் 2023 சூலை இறுதியில் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய் அளித்த சமையற் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். எஞ்சியவற்றைக் கொண்டு உய்த்துணர்ந்து, இட்டலி முதலிய உணவுகளை ஆக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் தாய்மொழி எவ்வாறு மெல்ல நழுவுகின்றது என்பதை அது நயமாகக் காட்டுகின்றது. 2024 இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம், புதியோரின் முதற்படைப்புக்குரிய பரிசினை அதற்கு அளித்தது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது என்று சிலர் குறை கூறினர். அக்குறையை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? தமிழர் கதை என்பதனால் குறையே கூறலாகாது என்பது அன்பன்று; அது கண்ணை மூடிக்கொள்ளுதல். நீளவில்லை என்பதனாலேயே அது தாழ்ந்தது என்பதும் முறையன்று. நான்கடியில் அமைந்த பாட்டினைக் காப்பியம் அன்று என்று எவரேனும் பழிப்பரோ? ஒவ்வொரு படைப்பையும் அது செய்ய முற்பட்டதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆதலின், குறை கூற விழைவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள. முழுதும் ஆடிப் பார்த்த பின்னரே பேசுக. பிறர் சொல்லைக் கேட்டுப் பழிக்காதீர். எவ்விடத்தில், எச்செயலின்போது, எக்கருவியில் பிழை நேர்ந்தது என்பதைத் தெளிவாக எழுதுக. ‘நன்றாக இல்லை’ என்னும் சொல்லால் எவர்க்கும் பயனில்லை. பொருளைக் குறை கூறுக. அதனை ஆக்கியவரின் பிறப்பையோ நாட்டையோ தோற்றத்தையோ தொடாதீர். நேரில் சொல்லத் துணியாத சொல்லை மறைவிலும் சொல்லாதீர். பிழை திருத்தப்பட்டால் அதனையும் கூறுக. பழிக்க விரையும் நா, பாராட்டவும் விரைதல் வேண்டும்.

ஆக்குவோர்க்கும் நெறிகள் உண்டு. செய்து முடித்ததையே சொல்லுதல், சொன்னதைச் செய்தல், பிழை நேர்ந்தால் மறையாது ஒப்புக்கொள்ளுதல், மௌனத்தால் சினத்தை வளர்க்காதிருத்தல், ஆசையைப் பணமாக்கும் சூழ்ச்சிக்கு இடங்கொடாதிருத்தல் ஆகியவை அவை. தவற்றைச் சுட்டும் துணையில்லாத அரசன் பகைவர் இல்லாமலே அழிவான் என்று திருவள்ளுவர் அறிவுறுத்துகின்றார். அரசர்க்குக் கூறிய அவ்வுண்மை, பொருள் ஆக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியதே. புகழ்வோர் மட்டுமே சூழ்ந்திருக்கும் நிறுவனம் தன் குறையை அறியும்பொழுது காலம் கடந்திருக்கும்.

மாணவர்களே! இன்று ஆடுவோராக இருக்கும் உங்களுள் சிலர் நாளை ஆக்குவோர் ஆவீர்கள். விளையாட்டையோ, காலணியையோ, பாலத்தையோ, பாட்டையோ ஆக்கி, உலகின்முன் வைப்பீர்கள். அன்று உங்களைக் குறை கூறுவோர் எத்தகையராக இருக்க வேண்டும் என்று விரும்புவீர்களோ, இன்று நீங்கள் அத்தகையராக இருங்கள். உண்மையை அஞ்சாது கூறுங்கள். அதனைக் கேட்பவர் திருந்துமாறு கூறுங்கள். குறை கூறுபவருக்கு அன்பும், குறை கேட்பவருக்குப் பொறுமையும் இருப்பின், இருவர் கையாலும் அப்பொருள் வளரும்.